உலகப் பொருளாதாரப் போட்டியில் நாடு பின்தங்காமல் இருக்க ஒரு தலைவர் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதமரோ அதிபரோ, ஆட்சிக்கு வரும் எந்தத் தலைவரிடமும் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மற்ற நாடுகள் வேகமாக முன்னேறுகின்றனவே, நாம் என்ன செய்யப் போகிறோம்? அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து, பல நாடுகளில் நடந்து முடிந்தவற்றை வைத்து இங்கே பதில் சொல்கிறேன்.

போட்டித்திறன் என்றால் மற்றவர்களைவிட மலிவாக விற்பதா?

இல்லை. மலிவுதான் அளவுகோல் என்றால், மிக ஏழையான நாடுகள்தான் உலகத்தில் முதலிடத்தில் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்திலும் டென்மார்க்கிலும் சம்பளம் மிக அதிகம். ஆனாலும் அவர்களுடைய மருந்தும் இயந்திரமும் உலகம் முழுக்க விற்கின்றன. மக்களின் உண்மையான வருமானம் ஆண்டுக்கு ஆண்டு கூட வேண்டும். அதே சமயம் அந்த நாட்டின் பொருளையும் சேவையையும் உலகம் விரும்பி வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடப்பதைத்தான் நான் போட்டித்திறன் என்கிறேன்.

ஒரு மணி நேர உழைப்பில் உருவாகும் மதிப்பு, அதாவது உற்பத்தித்திறன், கூடினால்தான் இது நடக்கும். சம்பளத்தை அமுக்கியும், ஆற்றைக் கெடுத்தும் ஏற்றுமதியைக் கூட்டலாம். அந்தக் கணக்கில் நாடு ஜெயித்த மாதிரித் தெரியும். அங்கே வாழ்பவர்கள் ஜெயிக்கவில்லை.

ஒரு நாடு முன்னேறினால் இன்னொரு நாடு தோற்க வேண்டுமா?

நிறுவனங்களுக்கு அது ஓரளவு பொருந்தும், நாடுகளுக்குப் பொருந்தாது. பொருளாதார அறிஞர் பால் க்ரூக்மன் 1994-இல் இதை அழுத்தமாக எழுதினார். பக்கத்து நாடு பணக்கார நாடானால், நம் பொருளை வாங்க ஒரு நல்ல வாடிக்கையாளர் கிடைக்கிறார். சீனா வளர்ந்ததால் ஆஸ்திரேலியாவின் இரும்புத் தாதுவுக்கும் ஜெர்மனியின் இயந்திரங்களுக்கும் பெரிய சந்தை கிடைத்தது.

ஆனால் முழுக்க அப்படியே விட்டுவிடவும் முடியாது. சில தொழில்களில் முதலில் போய் இடம் பிடித்தவருக்கு அனுபவமும் சப்ளையர்களும் சேர்ந்துவிடும், பின்னால் வருபவர் நுழைவது கஷ்டம். சிப் தயாரிப்பும் பேட்டரியும் அப்படித்தான். அந்தத் துறைகளில் போட்டி உண்மையான போட்டிதான்.

ஒரு தலைவரால் உண்மையில் எவ்வளவு செய்ய முடியும்?

மேடையில் சொல்வதைவிடக் குறைவு. தொழிற்சாலையை நடத்துவது அவர் இல்லை, புதிய பொருளைக் கண்டுபிடிப்பதும் அவர் இல்லை. உலகச் சந்தையின் எண்ணெய் விலையும் அமெரிக்காவின் வட்டி விகிதமும் அவர் பேச்சைக் கேட்காது.

அவர் கையில் இருப்பவை மூன்று. விதிகளை வகுப்பது, அந்த விதிகளைத் தனக்கு வேண்டியவர்களுக்கும் சேர்த்து அமல்படுத்துவது, தன் பதவிக்காலத்தில் பலன் தராத வேலைகளுக்கு இப்போதே பணம் ஒதுக்குவது. கடைசி இரண்டும்தான் அரிது. கீழே வரும் பதில்களில் இவை திரும்பத் திரும்ப வரும். நாடுகளின் கதைகளைப் படிக்கப் படிக்க, உருப்பட்ட நாட்டுக்கும் உருப்படாத நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்று எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

பதவிக்கு வந்ததும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பணத்தின் மதிப்பையும் அரசின் கடனையும். இது சலிப்பான பதில்தான். ஆனால் இதைக் கோட்டைவிட்டவர்களுக்கு மற்ற எதையும் செய்ய நேரம் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் 2022 செப்டம்பர் 23 அன்று லிஸ் ட்ரஸ்ஸின் அரசு சுமார் 4,500 கோடி பவுண்டுக்கு வரிக்குறைப்பை அறிவித்தது. அந்தப் பணத்தை எங்கிருந்து ஈடுகட்டுவது என்று சொல்லவில்லை. வழக்கமாக வெளியாகும் சுயேச்சையான நிதி மதிப்பீடும் வரவில்லை. மூன்று நாளில் பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத வீழ்ச்சி கண்டது. அரசுப் பத்திரச் சந்தையைக் காப்பாற்ற மத்திய வங்கி இறங்க வேண்டியிருந்தது. அக்டோபர் 20 அன்று அவர் ராஜினாமாவை அறிவித்தார். பணக்கார நாடு, பழமையான நிறுவனங்கள், எல்லாம் இருந்தும் நான்கு வாரத்தில் இது நடந்தது.

துருக்கியில் வேறு விதம். அங்கே மத்திய வங்கி ஆளுநர்கள் அடிக்கடி மாற்றப்பட்டார்கள். விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போதே, 2021-இன் கடைசி நான்கு மாதங்களில் வட்டி 19 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அரசின் கணக்குப்படியே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்த ஆண்டு மூலப்பொருள் என்ன விலை, சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் போட முடியாத நிலையில் எந்த முதலாளி பத்து வருடத் திட்டத்தில் பணத்தைப் போடுவார்?

இலங்கையில் 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. கொரோனாவில் சுற்றுலா வருமானம் நின்றது. 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை வந்தது, சில மாதங்களில் விலக்கப்பட்டது. அதற்குள் விளைச்சல் அடி வாங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. இயற்கை வேளாண்மை தவறு என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டு எடுத்துச் செய்ய வேண்டியதை ஒரே உத்தரவில் செய்ய நினைத்ததுதான் தவறு. அதன் விலையை வரிசையில் நின்ற சாதாரண மக்கள் கொடுத்தார்கள்.

நாணய மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி கூடும்தானே?

கொஞ்ச காலத்துக்குக் கூடும். செயற்கையாக உயர்த்தி வைத்திருந்த மதிப்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது தேவையான வேலைதான். இந்தியா 1991 ஜூலையில் இரண்டு கட்டமாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, அதே மாதம் தொழில் உரிமக் கட்டுப்பாடுகளையும் தளர்த்தியது. மதிப்பிறக்கம் மட்டும் நடந்து, உரிம விதிகள் பழையபடியே இருந்திருந்தால் பலன் சீக்கிரம் கரைந்திருக்கும் என்பது என் கருத்து.

எப்போதும் மலிவான நாணயத்தை நம்பியே இருப்பது வேறு. இறக்குமதியாகும் எரிபொருள், இயந்திரம், மூலப்பொருள் எல்லாம் விலை ஏறும். டாலரில் வாங்கிய கடன் கனத்துப்போகும். 1970-களின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு நான்கு சுவிஸ் பிராங்குக்கு மேல் கிடைத்தது, இன்று ஒரு பிராங்குகூடக் கிடைக்காது. சுவிட்சர்லாந்து இத்தனைக்கும் பிறகு ஏற்றுமதி நாடாகவே இருக்கிறது. நாணயம் ஏற ஏற, அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு உயர்ந்த பொருள்களுக்கு அவர்கள் மாறிக்கொண்டே போனார்கள்.

எந்தத் தொழில் வளர வேண்டும் என்று அரசே தேர்ந்தெடுக்கலாமா?

இதில்தான் அறிஞர்கள் அதிகம் சண்டை போடுகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கூடாது என்பவர்கள் கான்கார்டைக் காட்டுவார்கள். பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் ஒப்பந்தம் போட்டு, இரு நாட்டு வரிப்பணத்தில் ஒலியைவிட வேகமான பயணிகள் விமானத்தை உருவாக்கின. பொறியியலில் அது அற்புதம். ஆனால் விமான நிறுவனங்களின் சேவைக்கு வந்தவை 14 மட்டும்தான், அவையும் அந்த இரு நாட்டு நிறுவனங்களுக்கே போயின. ஜப்பானையும் சொல்வார்கள். 1960-களின் தொடக்கத்தில் அங்கே வர்த்தக அமைச்சகம், கார் நிறுவனங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவர முயன்றது. அப்போது மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் போன ஹோண்டா கார் துறைக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது, அதை எதிர்த்தது. சட்டம் நிறைவேறவில்லை. அதிகாரிகள் நினைத்தபடி நடந்திருந்தால் ஹோண்டா கார் என்று ஒன்று வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

செய்யலாம் என்பவர்கள் தைவானைக் காட்டுவார்கள். 1973-இல் அங்கே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவான் செமிகண்டக்டர், அதாவது சிப் துறையில் இறங்க முடிவு செய்தார். 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பத்தை வாங்கி, பயிற்சிக்கு இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பினார்கள். 1980-இல் சிஞ்சூ அறிவியல் பூங்கா. 1987-இல் மாரிஸ் சாங் தலைமையில் டிஎஸ்எம்சி என்ற சிப் தயாரிப்பு நிறுவனம். தொடக்கத்தில் அதன் பங்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அரசிடம் இருந்தது. பிலிப்ஸ் நிறுவனமும் பணம் போட்டது. இன்று உலகின் மிக நுட்பமான சிப்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

முடிவெடுத்த ஆண்டுக்கும் நிறுவனம் பிறந்த ஆண்டுக்கும் இடையே 13 ஆண்டுகள். பின்னால் பிரதமராகவும் ஆன சுன், 1984-இல் பக்கவாதம் வந்து பதவியை விட்டுப் போயிருந்தார். அவர் தன் பெயர் பொறித்த கல்வெட்டை மட்டும் நினைத்திருந்தால் சிமெண்ட் ஆலை போதும்.

இரண்டு தரப்புக் கதையும் உண்மை. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், எந்தத் துறை என்பதில் இல்லை. கொடுத்த உதவியைத் திரும்பப் பெறும் வழி இருந்ததா என்பதில் இருக்கிறது. தென் கொரியாவில் 1960-களின் நடுவிலிருந்து அதிபர் பார்க் சுங்-ஹீ ஏறக்குறைய மாதம் தவறாமல் ஏற்றுமதிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். அமைச்சர்களும் முதலாளிகளும் ஒரே அறையில். யார் எவ்வளவு ஏற்றுமதி செய்தார்கள், எங்கே சிக்கல் என்று பேசி அங்கேயே முடிவெடுப்பார்கள். ஏற்றுமதி காட்டினால் மலிவு வட்டிக் கடன் தொடரும், இல்லையென்றால் நின்றுபோகும். ஏற்றுமதியை அளவுகோலாக வைத்ததில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சிபாரிசு செல்லாது.

எனவே ஒரு தலைவர் ஒரு துறையை வளர்க்க முன்வந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி: இந்த மானியம் எந்தத் தேதியில், எந்த நிபந்தனை தவறினால் நிற்கும்? பதில் எழுத்தில் இல்லை என்றால், அந்தப் பணம் தொழிலை வளர்க்கப் போவதில்லை.

இறக்குமதி வரி போட்டு உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றுவது சரியா?

இரண்டு கார்களைப் பாருங்கள். தென் கொரியாவின் ஹூண்டாய் 1975-இல் போனி என்ற காரைத் தயாரிக்கத் தொடங்கியது. மலேசியாவில் 1983-இல் அரசின் முயற்சியில் புரோட்டான் நிறுவனம் பிறந்தது. இரண்டுக்கும் உள்நாட்டில் பலத்த பாதுகாப்பு இருந்தது. ஹூண்டாய் அடுத்த ஆண்டே ஈக்வடாருக்கு ஏற்றுமதி செய்தது. அதன் கார்களைப் பிற்காலத்தில் அமெரிக்காவில் கேலி செய்தார்கள், தரம் போதவில்லை என்றார்கள். அந்த அடிகளை வாங்கித்தான் அது கற்றுக்கொண்டது. புரோட்டானும் வெளிநாடுகளில் விற்றுப் பார்த்தது. ஆனால் அது வாழ்ந்தது பாதுகாக்கப்பட்ட சொந்தச் சந்தையை நம்பித்தான். கடைசியில் 2017-இல் அதன் 49.9 சதவீதப் பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்துக்குப் போனது.

பாதுகாப்பு தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். காலக்கெடு இல்லாத பாதுகாப்பு தவறு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இரும்புக்கு வரி போட்டால் இரும்பாலைக்காரர் மகிழ்வார். இரும்பை வாங்கி இயந்திரம், பாத்திரம், உதிரிப்பாகம் செய்யும் அத்தனை சிறு தொழில்களுக்கும் செலவு ஏறும். இரும்பாலைகள் சில, அதனால் அவர்கள் குரல் அமைச்சருக்குக் கேட்கும். மற்றவர்கள் பல்லாயிரம் பேர், சிதறிக் கிடப்பவர்கள். அவர்கள் சார்பில் யோசிக்க வேண்டியது தலைவர்தான்.

வரிச்சலுகை கொடுத்தால் வெளிநாட்டு நிறுவனங்கள் வருமா?

வரும். சலுகைக்காக மட்டும் வந்தவர்கள், வேறு இடத்தில் கூடுதல் சலுகை கிடைத்தால் போயும் விடுவார்கள்.

அயர்லாந்தைக் காட்டி, 12.5 சதவீத கம்பெனி வரிதான் எல்லாம் என்று பலர் சொல்கிறார்கள். அந்த விகிதம் வந்தது 2003-இல். அதற்கு முன்பும் அங்கே ஏற்றுமதியாளர்களுக்கு வரிச்சலுகைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் 1958-இலேயே நிதித்துறைச் செயலர் டி.கே. விட்டேக்கர், மூடிய பொருளாதாரத்தைத் திறக்க ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். 1966-இல் கல்வி அமைச்சர் டோனா ஓ'மாலி, மேல்நிலைக் கல்வி இலவசம் என்று அறிவித்தார். நிதித்துறையிடம் முன்கூட்டிச் சொல்லக்கூட இல்லை. 1968-இல் இறந்தும் போனார். அமெரிக்க சிப் நிறுவனமான இன்டெல் அங்கே வந்தது 1989-இல். அந்தத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரத் தகுதியுள்ளவர்கள் இருந்ததற்கு, இருபது ஆண்டுக்கு முன் திறந்த அந்தப் பள்ளிக் கதவுகளும் ஒரு காரணம்.

கோஸ்டாரிகா இன்னொரு பாடம். 1996-இல் இன்டெல் தொழிற்சாலைக்கு இடம் தேடியபோது, அதிபர் ஹோசே மரியா ஃபிகேரெஸ் நேரடியாக இறங்கிப் பேசினார். தேர்ந்த தொழிலாளிகளுக்காகத் தொழிற்கல்விப் பாடங்களை விரிவாக்கினார்கள். 2014-இல் இன்டெல் அந்தத் தயாரிப்பை ஆசியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது, சுமார் 1,500 பேருக்கு வேலை போனது. நாடு இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. இடைப்பட்ட காலத்தில் அங்கே வேறு நிறுவனங்களும் வந்து, மருத்துவக் கருவித் தயாரிப்பு வேரூன்றியிருந்தது. இன்று அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதி அதுதான்.

இப்போது வரிப் போட்டிக்கும் ஒரு தரை வந்துவிட்டது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீதம் என்று 2021 அக்டோபரில் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. அயர்லாந்தும் 2024 முதல் அதை அமல்படுத்துகிறது. எல்லா நாடும் இன்னும் அமல்படுத்தவில்லைதான். ஆனாலும், சலுகையை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு முதலீடு தேடிப் போகும் தலைவர் இனி சிரமப்படுவார்.

வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து நாட்டுக்கு உண்மையில் கிடைக்க வேண்டியது என்ன?

அறிவு. வங்கதேசத்தின் தேஷ் நிறுவனம் கொரியாவின் டேவூவுடன் ஒப்பந்தம் போட்டு, 1979-இல் சுமார் 130 பேரை ஆடைத் தயாரிப்புப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகி, சொந்தமாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ ஆடை நிறுவனங்களைத் தொடங்கினார்கள். அந்த நிறுவனத்துக்கு அது இழப்பு. நாட்டுக்கு அதுவே ஒரு தொழில்துறையின் பிறப்பு.

கல்விக்கு அதிகப் பணம் ஒதுக்கினால் போதுமா?

பணம் வேண்டும், போதாது. பட்டம் வாங்கியவர்களுக்கு உள்நாட்டில் வேலை இல்லையென்றால், படிக்க வைத்த செலவு நம்முடையது, பலன் இன்னொரு நாட்டுக்கு. தென் கொரியா 1966-இல் ஒரு அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கி, அமெரிக்காவில் இருந்த தன் விஞ்ஞானிகளை நல்ல சம்பளமும் ஆய்வுச் சுதந்திரமும் கொடுத்து அழைத்தது. அப்போது அது ஏழை நாடு. இன்று தன் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. உலகத்தில் அந்த அளவுக்குச் செலவிடும் நாடுகள் மிகக் குறைவு.

பல்கலைக்கழகத்தை மட்டும் பேசிவிட்டு, தொழிற்பயிற்சியை விட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஒரு பிள்ளை வாரத்தில் சில நாள் தொழிற்கூடத்திலும் சில நாள் பள்ளியிலும் கற்கிறது, சம்பளமும் வாங்குகிறது. அந்த வழியில் வந்தவரைச் சமூகம் குறைவாகப் பார்ப்பதில்லை. சட்டம் போட்டு இந்த மரியாதையைக் கொண்டுவர முடியாது. ஆனால் அரசு வேலைத் தகுதிகளிலும் சம்பள விகிதத்திலும் ஒரு தலைவர் இதைத் தொடங்கி வைக்கலாம்.

எண்ணெயும் கனிமமும் நிறைய இருந்தால் இந்தக் கவலை எல்லாம் வேண்டாமே?

வேறு கவலை வரும். நெதர்லாந்தில் 1959-இல் க்ரோனிங்கனில் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. எரிவாயு ஏற்றுமதியால் நாணயம் வலுத்து, மற்ற தொழில்களின் பொருள்கள் வெளிநாட்டில் விலை கூடிப்போயின. இன்று உலகம் முழுக்க இந்தச் சிக்கலை ‘டச்சு நோய்’ என்றே சொல்கிறார்கள்.

நார்வே இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எண்ணெய்ப் பணத்துக்கு 1990-இல் சட்டம் போட்டுத் தனி நிதியம் அமைத்து, அதை முழுக்க வெளிநாடுகளில் முதலீடு செய்கிறது. பட்ஜெட்டுக்கு எடுப்பது அந்த நிதியத்தின் எதிர்பார்க்கும் வருமான அளவுதான். 2001-இல் அதை 4 சதவீதம் என்று வைத்தார்கள், 2017-இல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். தேர்தல் நேரத்திலும் கட்சிகள் பெரும்பாலும் இந்த விதியை மதிக்கின்றன. எனக்கு இது எண்ணெய் கிடைத்ததைவிடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

போட்ஸ்வானா 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டு வைரம் கிடைத்தது. முதல் அதிபர் செரெட்சே காமாவின் அரசு, சுரங்க நிறுவனத்தோடு பேசிப் பேசிப் பாதிப் பங்கு வாங்கி, அந்தப் பணத்தைச் சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போட்டது. பல பத்தாண்டுகள் நன்றாக வளர்ந்தது. ஆனால் வைரத்தைத் தாண்டி வேறு தொழில் போதுமான அளவு வளரவில்லை. ஆய்வகத்தில் செய்யும் வைரங்கள் மலிந்து தேவை குறைந்ததும், 2024-இல் அந்நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. நன்றாக நிர்வகித்த நாட்டுக்கும் ஒற்றைப் பொருள் ஆபத்துதான்.

ஒரே சந்தையையோ ஒரே நிறுவனத்தையோ நம்பியிருந்தால்?

அதே ஆபத்து. பின்லாந்துக்கு நோக்கியாவின் செல்போன் தொழில் அப்படி இருந்தது, 2014-இல் அது மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனது. ஜெர்மனி மலிவான ரஷ்ய எரிவாயுவைப் பெரிய அளவில் நம்பியிருந்தது. 2022-இல் போர் தொடங்கியதும் அதன் ரசாயன ஆலைகளும் கண்ணாடி ஆலைகளும் எரிபொருள் விலையில் திணறின. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு இடத்தில் எல்லாவற்றையும் வாங்குவதில் கணக்கில் வராத செலவு ஒன்று ஒளிந்திருக்கிறது. சிலி இதற்கு எதிர்த்திசையில் போனது. 60-க்கும் மேற்பட்ட நாடுகளை உள்ளடக்கிய வர்த்தக ஒப்பந்தங்களைப் போட்டு வைத்திருக்கிறது. பெரிய நாடுகள் திடீர் திடீரென வரி போடும் இந்தக் காலத்தில், சிறிய நாட்டுக்கு இது நல்ல பாதுகாப்பு.

சம்பளத்தைக் குறைவாகவே வைத்திருக்கச் சொல்லி முதலாளிகள் கேட்டால் தலைவர் என்ன செய்வது?

மறுக்கலாம், ஆனால் வேகத்தைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் 1979-இல் தொடங்கி, வேண்டுமென்றே சம்பளத்தை உயர்த்தியது. மலிவு உழைப்பை நம்பிய தொழில்கள் வெளியேறட்டும், இயந்திரமும் திறமையும் உள்ளவை வரட்டும் என்பது எண்ணம். திசை சரி. ஆனால் உற்பத்தித்திறனைவிடச் சம்பளச் செலவு வேகமாக ஏறியது. 1985-இல் பொருளாதாரம் சுருங்கியது. அடுத்த ஆண்டு, சேமநல நிதிக்கு முதலாளிகள் கட்டும் பங்கை 25 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். தொழிற்சங்கங்களை உட்கார வைத்துப் பேசித்தான் இதைச் செய்ய முடிந்தது. பொருளாதாரம் மீண்டது.

போட்டியில் வேலை இழப்பவர்களை என்ன செய்வது?

கைவிடக் கூடாது. இதைக் கருணை என்று மட்டும் நினைக்கும் தலைவர் பட்ஜெட் இறுகும்போது முதலில் இதில்தான் கை வைப்பார். திறந்த பொருளாதாரம் நிலைக்க இது தேவை. டென்மார்க்கில் நிறுவனங்கள் ஆளைக் குறைப்பது எளிது. அதே சமயம் வேலை போனவருக்கு நல்ல உதவித்தொகையும் மறுபயிற்சியும் உண்டு. அதனால் புதிய இயந்திரம் வந்தாலும் இறக்குமதி வந்தாலும் தொழிலாளி தெருவில் இறங்கி எதிர்க்க வேண்டிய நிலை குறைவு. ஒரு நகரத்தின் ஆலை மூடும்போது அந்த நகரத்தையே மறந்துவிட்ட நாடுகளில், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அந்தக் கோபம் வாக்குப்பெட்டியில் வந்து, எல்லாக் கதவுகளையும் மூடச் சொல்லும்.

ஊழல் இவ்வளவு பெரிய தடையா? ஊழல் இருந்தும் வளர்ந்த நாடுகள் உண்டே?

உண்டு. ஊழலோடு வளர்ந்த நாடுகள் அது இல்லாமல் இன்னும் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதை நாம் பார்க்க முடியாது. லஞ்சத் தொகையைவிட மோசமானது, டெண்டர் யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவது. அப்புறம் திறமையான ஆள் பொருளின் தரத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு அமைச்சர் வீட்டுக்கு வழி தேடுவார். ஜார்ஜியா நாட்டில் போக்குவரத்துக் காவல் துறை லஞ்சத்தில் ஊறிப்போயிருந்தது. 2004-இல் ஆட்சிக்கு வந்த அரசு அந்தத் துறையையே கலைத்துவிட்டுப் புதிய ஆட்களை, நல்ல சம்பளத்தில் எடுத்தது. தினமும் மக்கள் கண்ணில் படும் இடத்தில் தொடங்கியது நல்ல முடிவு.

இதையெல்லாம் செய்ய ஒரு சர்வாதிகாரி வேண்டுமா?

தென் கொரியாவையும் சிங்கப்பூரையும் சொல்லி இப்படிக் கேட்கிறார்கள். அதே காலத்தில் பிலிப்பைன்ஸை மார்கோஸும் சாயிரேயை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) மொபூட்டுவும் இரும்புக் கையோடு ஆண்டார்கள். இரண்டு நாடுகளும் கடனிலும் கொள்ளையிலும் மூழ்கின. அயர்லாந்து, போட்ஸ்வானா, கோஸ்டாரிகா எல்லாம் தேர்தல் நடத்திக்கொண்டே முன்னேறியவை. தென் கொரியாவும் தைவானும் 1980-களின் இறுதியில் ஜனநாயகத்துக்கு மாறிய பிறகுதான் உலகின் முன்னணித் தொழில்நுட்ப நாடுகளாயின. சர்வாதிகாரி தவறு செய்யும்போது அதைச் சொல்ல யாரும் இல்லை என்பது ஒரு பொருளாதாரப் பிரச்சினையும்கூட.

கஷ்டமான சீர்திருத்தம் செய்தால் தேர்தலில் தோற்க மாட்டாரா?

தோற்கலாம். ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த கெர்ஹார்ட் ஷ்ரோடர் 2003-இல் தொழிலாளர் சட்டங்களையும் வேலையில்லா உதவித்தொகையையும் மாற்றி அமைக்கும் திட்டத்தை அறிவித்தார். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. 2005 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 50 லட்சத்தைத் தாண்டினார்கள், அந்த ஆண்டு தேர்தலில் பதவி போனது. 2010 இலையுதிர்காலத்தில் அந்த எண்ணிக்கை 30 லட்சத்துக்குக் கீழ் வந்தது. அப்போது பெயர் எடுத்தது அடுத்து வந்த அரசு. அந்தச் சீர்திருத்தம் குறைந்த சம்பள வேலைகளைப் பெருக்கியது என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் பிரச்சினையைத் தள்ளிப்போடாமல் கையில் எடுத்ததற்காக அவரை அந்த விஷயத்தில் நான் மதிக்கிறேன்.

தரவரிசையில் முன்னேறியதை நம்பலாமா?

கவனமாக. தொழில் தொடங்க எளிதான நாடுகள் என்று உலக வங்கி ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிட்டு வந்தது. சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்து, 2021 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டது. பட்டியலில் ஏறுவதையே குறிக்கோளாக வைத்தால், அளக்கப்படும் நகரத்தில், அளக்கப்படும் படிவத்தை மட்டும் சுருக்குவார்கள். மற்ற ஊர்க்காரர் பழைய வரிசையிலேயே நிற்பார்.

அப்படியானால் ஒரு வாக்காளர் எதை வைத்துத் தலைவரை எடை போடுவது?

முதலீட்டு மாநாட்டில் கையெழுத்தான ஒப்பந்தத் தொகையை வைத்து வேண்டாம். அவற்றில் எத்தனை தொழிற்சாலை எழுந்தது என்று மூன்று ஆண்டு கழித்துக் கேளுங்கள். பணவீக்கத்தைக் கழித்த சராசரிச் சம்பளம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் ஏற்றுமதி செய்யாத எந்தப் பொருளை நாடு இப்போது ஏற்றுமதி செய்கிறது? துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் எத்தனை நாள் நிற்கிறது? மானியம் வாங்கிய பெரிய நிறுவனங்களில் எதற்காவது, இலக்கைத் தவறவிட்டதற்காக மானியம் நிறுத்தப்பட்டிருக்கிறதா? அந்த நிறுவனத்தின் முதலாளி தலைவருக்கு நெருக்கமானவராகவும் இருந்தால், அந்தச் செய்தியைத் தேடிப் படியுங்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்தத் தலைவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க நான் தயங்க மாட்டேன்.